மாதிரி 4418

காலைப் படகு தவறி
பின்னேரம்தான் வந்து சேர்ந்தது ரியூப்.
ஐஸ் கரைந்துபோன ரெஜிபோம் பெட்டி,
மூடியில் ஒரு மீன்செதில்.
‘அவசரம்’ என்று
மிருகவைத்தியர் சேந்தினியின் சாய்ந்த எழுத்து.

நான் மனிசரின் ரத்தம் பார்க்கிறவன்.
யாழ்ப்பாணத்தில், பதினேழு வருசமாய்,
அதே யன்னல், அதே நீல மேசை.
மிருகப் படிவம் புதுசு.
பெயர்: இல்லை.
வயது: பல்லைப் பார்த்தால் எட்டோ ஒன்பதோ.
பெட்டை.
இடம்: நெடுந்தீவு, மேற்கு வெளி.
உரிமையாளர்:
அந்தக் கட்டத்தில் பேனை நின்றது.
ஒல்லாந்தர் விட்டுப்போனது என்பார்கள்.
அரசாங்கத்துடையது என்று ஒரு பலகை சொல்லும்.
கிட்டப் போனால்
காற்றுக்குத்தான் சொந்தம்.

ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்துக்
காயவைத்துச் சாயம் ஊற்றிக் கழுவி
எண்ணெய் விட்டுக் கண்ணை வைத்தேன்.
பகீரென்றது.
சிவப்பணுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாய்,
உண்டியல் உடைத்து அடுக்கிய சில்லறை மாதிரி.
மனிசரில் இப்படிக் கண்டால்
என்புமச்சையைச் சந்தேகிப்போம்,
கூட வந்தவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்வோம்.
போன் எடுத்தேன். சேந்தினி சிரித்தாள்.
“அண்ணை, குதிரைக்கு அது சுகம்.
அதுகளின்ர ரத்தம் அப்பிடித்தான் அடுக்கி நிக்கும்.
அடுக்குக்கு இடையில பாருங்கோ.”

இடையில் பார்த்தேன்.
பெரிய பெரிய செல்கள்,
கரு முழுக்க வீங்கி
கரையில் நீலம் நூலளவு.
இதுகளை எனக்குத் தெரியும்.
நெல்லியடிப் பெடியன் ஒருத்தனில் கண்டிருக்கிறேன்,
சுன்னாகத்தில் தையற்கடை வைத்திருந்தவளில்.
நூறு எண்ணினேன்: எழுபத்தொன்று.
திரும்ப நூறு: எழுபத்துநாலு.
மூன்றாம்முறை எண்ணவில்லை.

“ஆறுபேர் கயிறோட போனனாங்கள்.
அவள் ஓடேல்ல, அண்ணை.
அதிலயே எனக்கு விளங்கிட்டுது.”
முரசு வெளிறி, பழைய சுண்ணாம்பாய்.
நாக்கின்கீழ்
நாகதாளி முள் குத்தியதுபோல் சிவப்புப் பொட்டுகள்.
வயிற்றின் அடியில் நீர்.
மரியசீலன் கழுத்தில் கைவைத்தானாம்,
தலையை அவன் தோளில் போட்டதாம்.
காட்டுக்குதிரை தோளில் தலைபோட்டால்
மனிசன் என்ன செய்கிறது?
கையிலிருந்த கயிறைப்
பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றானாம்.

புற்று என்கிறோம்.
கறையான் என்றாலும் மண் கொண்டுவந்து கட்டும்,
மழைக்குக் கரையும்,
உள்ளே பாம்பாவது குடியிருக்கும்.
இது தண்ணீரில் கட்டுகிறது,
ஓடுகிற தண்ணீரில்.

புத்தகத்தில் இரண்டே வரி.
‘குதிரைகளில் மிக அரிது.’
அரிது என்றால்
ஆரும் ரத்தம் எடுக்கவில்லை என்றும் இருக்கலாம்.
இருநூற்றிநாற்பது கிலோவுக்கு மருந்து
எவ்வளவு வேணுமென்று
கடதாசி ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
எங்கள் வாட்டுக்கு மூன்று கிழமை காணும்.
கடதாசியைக் கிழித்தேன்.
ஏன் போட்டேன் என்று தெரியாது.

‘மீள்மாதிரி அனுப்பவும்’ என்று எழுதினேன்,
எப்போதும் எழுதுகிற மாதிரி.
வெள்ளிக்கிழமை அவள் எடுத்தாள்.
“இன்னொருக்காக் குத்தேல்ல அண்ணை.
தண்ணித்தொட்டியை மட்டும்
கிட்டக் கொண்டுபோய் வைச்சனாங்கள்.”
மற்றதுகள் அவளுக்கு இடம் விடுதுகளோ என்று கேட்டேன்.
ஓமென்று சொல்வாள் என்று நினைத்தேன்.
“இல்லை. கடிச்சுக் கலைக்குதுகள்.
வரட்சியெல்லோ.
மரியசீலன் மத்தியானத்தில
வாளியில தனியக் கொண்டுபோறான்.”

உரிமையாளர் கட்டம் வெறுமையாய் இருந்தால்
கணினி அறிக்கையை விடாது.
‘வாளி கொண்டுபோகிறவர்’ என்று அடித்தேன்.
விட்டது.

பிறகு 4419.
காரைநகர், ஆண், ஐம்பத்தாறு.
மனிசப் படிவத்தில்
அந்தக் கட்டம் இல்லை.